பெயர் சொல்லாமல் கேட்ட துப்பாக்கி

நவம்பர் 3, 1974

தம்பி லாரியோனுக்கு,

அன்று காலையில் புகைக்குடிலுக்குப் பக்கத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது. நான். என் மகன் சோசிமா. அவன் பெண்டாட்டி மக்ரீனா. செத்துப்போன என் புருஷனின் தம்பி கோந்த்ராத், கையில் வெறும் கோடரியோடு. நாய். அப்புறம், பெயர் சொல்லக்கூடாத அவர். ஆங்கரேஜில் துப்பாக்கிக் கடையில் உட்கார்ந்திருக்கும் நீ இல்லை. ஆனால் நீ தேர்ந்தெடுத்து அனுப்பிய துப்பாக்கி இருந்தது.

உன் முழங்கால் தேவலையா? என் இருமல் அப்படியேதான் இருக்கிறது.

அவர் மூன்று நாளாகக் குடிலை உடைத்துக் குளிர்காலத்துக்கு வைத்த மீனைத் தின்றுகொண்டிருந்தார். நான்காம் நாள், அக்டோபர் இருபத்தெட்டு, திங்கட்கிழமை, பகல் வெளிச்சத்திலேயே வந்து நின்றார். கதவை விட உயரம். சோசிமா துப்பாக்கியைத் தூக்கினான். தூக்கியவன் சுடவில்லை. மேலே பூட்டியிருந்த தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு எதையோ தேடிக்கொண்டே நின்றான். மக்ரீனா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, “இடப்பக்கம்! இன்னும் இடப்பக்கம்!” என்று கத்தினாள். குறிபார்க்கிற ஆம்பளைக்குப் பெண்டாட்டி உத்தரவு போடுவதை நான் இந்த விரிகுடாவில் பார்த்ததே இல்லை. அதை நான் மறக்கப்போவதில்லை.

அப்புறம் வெடித்தது. அப்புறம் அவர் சோசிமாவின் மேல் இருந்தார். இடது கையைக் கவ்வியிருந்தார். நாய் பின்னாலிருந்து கடித்ததால்தான் விட்டார். ஆல்டர் புதருக்குள் போய்விட்டார். கோந்த்ராத் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே ஓடை வரை போனான். ஆலங்கட்டியும் மழையும் கொட்டித் தடத்தை அழித்துவிட்டது என்று திரும்பிவிட்டான்.

விமானத்தில் ஏற்றும்போது சோசிமா என்னிடம் சொன்னது இது மட்டும்தான்: “எல்லாம் பழுப்பா இருந்துச்சும்மா. வெறும் பழுப்பு.”

கோடியாக் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். நீ எதை அனுப்பினாய், எனக்குச் சொல்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தோடுதான் சொல்கிறேன்.

அக்கா ஃபெக்லா

—

நவம்பர் 25, 1974

அன்புள்ள அக்காவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் உன் இருமல் குறையட்டும். என் முழங்கால் மழைக்கு முன்னால் எனக்குச் செய்தி சொல்கிறது, மற்றபடி நடக்கிறது.

கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை. சோசிமாவைப் பற்றி ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் கேட்டேன். கை பிழைக்கும் என்றார்கள்.

அந்தத் தொலைநோக்கியில் ஒரு வளையம் உண்டு. நான்கு மடங்கிலிருந்து பன்னிரண்டு மடங்கு வரை திருகலாம். பன்னிரண்டில் வைத்தால் மலைச்சரிவின் அந்தப் பக்கம் நிற்கும் மானின் காதுகூடத் தெரியும். அதே பன்னிரண்டில் இருபது அடியில் நிற்கும் கரடியைப் பார்த்தால் மயிர்தான் தெரியும். தலை எது, தோள் எது என்று தெரியாது. அந்தத் துப்பாக்கியின் தோட்டாவும் சின்னது. மானுக்கானது. நீ என்ன வேட்டைக்கு என்று எழுதவில்லை, அக்கா. நான் மானுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று வளையம் எந்த எண்ணில் இருந்தது? கொஞ்சம் பார்த்துச் சொல். சோசிமா என்ன சொல்கிறான்? கையைத் தவிர வேறு ஏதாவது கஷ்டம் சொல்கிறானா?

மக்ரீனாவைக் கோபிக்காதே.

உன் தம்பி
லாரியோன்

—

டிசம்பர் 8, 1974

லாரியோனுக்கு,

இங்கே எல்லோரும் மூச்சு விடுகிறோம். நீயும் விட்டுக்கொண்டிருப்பாய்.

அந்தப் பெயரை நீ மையால் எழுதி, தபாலில் போட்டு, கடல் தாண்டி என் வீட்டுக்குள் அனுப்பிவிட்டாய். கடிதத்தை அடுப்பில் போட்டேன். நாம் பேசுவது அவருக்குக் கேட்கும் என்று அப்பா சொன்னது உனக்கு நகரத்துக்குப் போனதும் மறந்துவிட்டதா? வேட்டைக்குக் கிளம்பும்போது அப்பா என்ன சொல்வார்? “சும்மா காலாற நடந்துட்டு வரேன்” என்பார். அவ்வளவுதான்.

நான் உனக்கு எழுதியது ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கிறது. “சோசிமாவுக்குக் கனமானதாக ஒன்று வேண்டும். ஓடைப்பக்கம் பெரியவர் ஒருவர் வந்து போகிறார்.” இதைவிடத் தெளிவாக யார் எழுத முடியும்? மானைப் பெரியவர் என்று யாராவது சொல்வார்களா? அம்மாவின் நாற்பதாம் நாள் பூசைக்கு நிற்காமல் மீன் கப்பலேறிப் போனவனிடம் கேட்டது என் புத்தி.

வளையம் பன்னிரண்டில் இருந்தது. “யார்டா திருகினது?” என்று கேட்டேன். சோசிமா சொன்னான்: “எப்பவும் அங்கதான் இருக்கும்.” அவ்வளவுதான் பேச்சு. வீடு வந்துவிட்டான். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. அது போகட்டும். என்னோடு பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இன்று நேற்றல்ல, இரண்டு வருடமாக. சுவரோடு பேசுவது போலப் பேசுகிறான். மக்ரீனா சொல்லிக்கொடுத்த மரியாதை.

ஏப்ரலில் அவர் குகையை விட்டு எழுந்து வருவார். காயம்பட்டவர். ஊரில் ஒருவரும் ஓடைக்குப் போவதில்லை. காயப்படுத்தியவன்தான் போய் முடிக்க வேண்டும், அது உனக்கும் தெரியும். சோசிமா போகத்தான் போகிறான். இந்தத் தடவை அவன் திரும்பி வருகிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பு.

அக்கா

—

ஜனவரி 15, 1975

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்து பிறந்த நாள் வாழ்த்து, தாமதமாக. நீயும் பிள்ளைகளும் அலங்கரித்த நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பாடியிருப்பீர்கள். இருமலோடு எப்படிப் பாடினாய்?

துப்பாக்கி விஷயம். பெரியவருக்கு என்றால் முந்நூற்று எழுபத்தைந்து அளவுள்ளதுதான் சரி. தோட்டா சுண்டுவிரல் தடிமன் இருக்கும். எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகும். தோளில் உதைக்கும், சோசிமா தாங்குவான். குறிபார்க்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஒன்றரை மடங்கு மட்டும் பெரிதாக்கும் சின்னத் தொலைநோக்கி. இன்னொன்று, அப்பா வைத்திருந்த மாதிரி வெறும் இரும்பு. பின்னால் ஒரு வளையம், முன்னால் ஒரு முள். புதருக்குள் இருபது அடியில் இரும்புதான் வேகம், மழையில் மங்காது. டெக்சாஸிலிருந்து வருகிற பணக்காரர்கள் பெரிய தொலைநோக்கிதான் வேண்டும் என்று அடம் பிடிப்பார்கள். நான் அவர்களைப் புதருக்குள் அழைத்துப் போக மாட்டேன் என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் இரும்புக் குறிக்கு... சரி, அதை விடு.

அக்கா, வேறு யாராவது போகக்கூடாதா? கோந்த்ராத்துக்குக் கை நடுங்கும் என்று தெரியும். பக்கத்து விரிகுடாவில் யாராவது? சோசிமா இந்த வருடம் போக வேண்டாம். ஏன் என்று கேட்காதே, கை இன்னும் ஆறவில்லை என்று வைத்துக்கொள்.

உன் தம்பி
லாரியோன்

—

பிப்ரவரி 2, 1975

தம்பிக்கு,

முழங்காலுக்குக் கடல்நாய்க் கொழுப்பைத் தேய். கடையில் விற்கிற களிம்பில் ஒன்றும் இல்லை.

‘என்று வைத்துக்கொள்’ என்று எழுதியிருக்கிறாய். நான் எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? எனக்குத் தலை சுற்றுகிறது. அன்று நடந்ததைக் கோந்த்ராத்திடம் மறுபடி கேட்டேன்.

“அண்ணி, அவன் மொதல்ல பொகைக்குடில் தூணப் பாத்துத்தான் குழல நீட்டினான். நான் என்னமோ வேற தெரியுதோன்னு நெனச்சேன்.”

“தூணையா? அவர் தூண் மாதிரியா இருந்தாரு?”

“நான் பாத்தத சொல்றேன். நீங்க நம்பலேன்னா எங்கிட்ட ஏன் கேக்குறீங்க?”

மக்ரீனாவைக் கேட்டால், “நேராத்தான் பாத்தார் அத்தை” என்கிறாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார். கோந்த்ராத் என் ரம்பத்தை வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது, திருப்பித் தரவில்லை. அதனால் அவன்தான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ரம்பத் திருடன் பொய் சொல்லும்போது இப்படி நம் கண்ணைப் பார்க்க மாட்டான்.

உன் கடிதத்தை நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். சோசிமா கேட்டுவிட்டு, “இரும்புக் குறி வேணாம்னு மாமாவுக்கு எழுதும்மா. துப்பாக்கி மேல வெக்கிற பெரிய கண்ணாடிதான் வேணும்” என்றான். சின்ன வயதில், “கண்ணாடி வெச்சுச் சுடுறவன் கடையில மீன் வாங்கித் தின்னட்டும்” என்று சிரித்தவன் இவன்தான். எனக்குப் புரியவில்லை.

உனக்கு மறுபடி குழப்பம் வரக்கூடாது. அதனால் வாழ்நாளில் ஒரே தடவை எழுதுகிறேன்: கரடிக்கு. கரடியைச் சுடுவதற்கு. அவர் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். பனிக்குக் கீழே தூங்குகிறவருக்கு நான் பயந்துகொண்டிருந்தால் என் மகன் செத்துப்போவான்.

அனுப்பு.

அக்கா

—

மார்ச் 3, 1975

லாரியோன்,

உனக்கு உடம்பு சரியில்லையா? நாலு தபால் விமானம் வந்து போய்விட்டது. துப்பாக்கியும் வரவில்லை, ஒரு வரியும் வரவில்லை. ஓடையில் பனிக்கட்டி உடையத் தொடங்கிவிட்டது.

நேற்று ஒன்று நடந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வந்து மேசைக்கு எதிரே நின்றேன். சோசிமா என்னை நேராகப் பார்த்து, “மக்ரீனா, டீ இருக்கா?” என்றான். விளக்கு இருந்தது. ஜன்னலும் திறந்திருந்தது. நான் பேசவில்லை. “என்னடி, கோவமா?” என்று சிரித்தான். நான் இருமினேன். அவன் முகம் மாறிய விதத்தை உனக்கு எழுதத் தெரியவில்லை. உடனே தலையைத் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால், “அம்மாவா?” என்றான்.

மக்ரீனாவுக்கு என்னில் பாதி வயது. தலை மயிர் கறுப்பு. நான் என் கூனோடு அவள் மாதிரியா இருக்கிறேன்?

படுத்துப் படுத்து யோசிக்கிறேன். யோசித்தால் ஒரு இடத்துக்குப் போகிறது. அந்த இடத்துக்குப் போக நான் விரும்பவில்லை. நீ எழுதாமல் விட்டது என்ன? “இரும்புக் குறிக்கு” என்று நிறுத்தினாயே, அதன் மிச்சத்தை எழுது.

ஃபெக்லா

—

மார்ச் 16, 1975

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பயம்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் சோசிமா எனக்கு எழுதினான். கையெழுத்து வரி மேல் வரியாக ஏறியிருந்தது. “மாமா, பார்க்கிற இடத்துக்கு நடுவில் ஒரு புகை நிற்கிறது. ஓரத்தில் எல்லாம் தெரிகிறது. நேராகப் பார்த்தால் முகம் இருக்கிற இடத்தில் முகம் இல்லை. துப்பாக்கியின் முன் முள்ளும் அந்தப் புகைக்குள் போய்விட்டது. ரொம்பப் பெரிதாகக் காட்டுகிற கண்ணாடி ஏதாவது இருக்கிறதா?” என்று. கூடவே, “அம்மாவிடம் சொல்லாதீர்கள்” என்றும்.

அவன் உன்னிடம் முகத்தைத் திருப்பிப் பேசியது உன்னைப் பார்ப்பதற்குத்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொன்னால் உன் வாசலை மிதிக்க முடியாது என்று தெரியும். போன கோடையில் உன் கடிதமும் வந்தது. பெரியவர் யார் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. நான் மறக்கவில்லை. கனமான துப்பாக்கியை அனுப்பினால் அவன் போய்விடுவான் என்று நினைத்தேன். மான் துப்பாக்கியை அனுப்பினால், இது பெரியவருக்கு ஆகாது என்று அவனே வீட்டில் இருந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். அவன் கேட்ட கண்ணாடியையும் பூட்டினேன். பாக்கி உனக்குத் தெரியும். முந்நூறு பேருக்குத் துப்பாக்கி தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன், என் மருமகனுக்குத் தவறாகத் தேர்ந்தெடுத்தேன். தெரிந்தே.

முந்நூற்று எழுபத்தைந்து என் மேசை மேல் இருக்கிறது. இரும்புக் குறி. அதைத் தபாலில் அனுப்ப மாட்டேன். நானே கொண்டு வருகிறேன். அவன் போகத்தான் வேண்டும் என்றால் என் பக்கத்தில் நடக்கட்டும், சுடுவது நான். கண் டாக்டரைப் பற்றியும் பேசுகிறேன். ஏப்ரல் முதல் வாரம். அதுவரை அவனை நிறுத்தி வை.

லாரியோன்

—

மார்ச் 24, 1975

லாரியோன்,

மக்ரீனாவுக்குத் தெரியும். தூண்டில் கோர்ப்பது அவள், படகுத் துறையில் முன்னால் நடப்பது அவள், “இடப்பக்கம்” என்று கத்தியதும் அதற்குத்தான். கோந்த்ராத்துக்கு அரைகுறையாகத் தெரியும். ஆங்கரேஜில் இருக்கிற உனக்குத் தெரியும். ஒரே கூரைக்குள் இருக்கிற எனக்குத் தெரியாது.

மக்ரீனாவிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். “கோந்த்ராத் சித்தப்பா மூக்குக்கண்ணாடி போட்ட அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க அத்தை?” என்றாள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ‘கண்ணு போன ஆம்பள நாய்க்குப் போடுற மீனுக்குக்கூட லாயக்கில்ல’ என்று சபை நடுவில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சோசிமாவும் அங்கே இருந்தான்.

உன்மேல் எனக்கு என்ன இருக்கிறது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. வாசலை மிதி. சீக்கிரம் வா.

முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொள். விமானத்தில் குளிரும்.

அக்கா

—

ஏப்ரல் 10, 1975, கோடியாக்

அக்கா,

நான் நலம். நீ? இதை மீன் படகுக்காரர் ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஆறு நாளாக மூடுபனி, ஒரு விமானமும் எழவில்லை. படகில் வர முழங்கால் விடாது என்றாலும் வந்துவிடுவேன், ஆனால் வெளிக்கடல் கொதிக்கிறது, நீண்ட பெட்டியோடு ஏற்ற யாரும் தயாரில்லை.

சோசிமாவிடம் சொல்: மாமா வருகிறார், காத்திரு. பழைய துப்பாக்கியைப் பூட்டி வை. தோட்டாவை உன் தலையணைக்குள் வை. அவன் எது சொன்னாலும் விடாதே.

லாரியோன்

—

மே 19, 1975

தம்பி லாரியோனுக்கு,

நீயும் சோசிமாவும் ஆங்கரேஜுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று வானொலியில் சொன்னார்கள். உன் முழங்கால் இங்கே எட்டு நாள் இருந்ததில் தேறியது, கொழுப்பின் வேலை அது. சோசிமாவைக் கண் டாக்டர் பார்த்தாரா? புகை போகாது என்று டாக்டர் சொன்னாலும் எனக்கு அப்படியே எழுது. சர்க்கரை தடவாதே.

நீ இருந்த எட்டு நாளும் உன் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடியவில்லை. எழுத்தில் வருகிறது.

நீ வருவதற்கு மூன்று நாள் முன்னால் நடந்ததை எல்லோரும் சிரித்துச் சிரித்து உனக்குச் சொன்னார்கள். நான் உள்ளே ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் கடிதம் படகில் வந்த அன்றே தோட்டாவைத் தலையணைக்குள் வைத்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு சோசிமா வாசலில் பூட்ஸ் மாட்டினான். “எங்கடா?” என்றேன்.

“விறகுக்கும்மா. மக்ரீனாவும் வரா.”

“மாமா வரட்டும்டா.”

“விறகுக்கு மாமா எதுக்கும்மா?” என்று சிரித்தான்.

அப்பா ‘காலாற நடந்துட்டு வரேன்’ என்று சொல்லும்போது இருந்த அதே குரல். எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். கோடரி ஆணியில் தொங்கியதை நான் எட்டரைக்குத்தான் பார்த்தேன். தலையணையைப் பிரித்தேன். தோட்டா இல்லை. துப்பாக்கியும் இல்லை. கோந்த்ராத் வீட்டுக்கு ஓடினேன். என் வயதில் ஓடினேன்.

“அண்ணி, போனவங்க ரெண்டு பேரு. நீங்களும் போனா மூணு பேரத் தேடணும். உக்காருங்க.”

“கோழை! ரம்பத் திருடா!”

“ஆமா, திருடன்தான். உக்காருங்க” என்று கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டான். அவன் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் கதவை விடவில்லை.

எட்டரையிலிருந்து இரண்டரை வரை. ஆறு மணி நேரம். மக்ரீனா பெற்ற மூன்றும் பள்ளிக்கூடத்தில் இருந்தன. அவை திரும்பி வந்து, “பாட்டி, அம்மா எங்க?” என்று கேட்டால் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. ஒரு வெடிச்சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் வந்தால் செத்தான் என்றும் நினைத்தேன், சத்தம் வராவிட்டால் சுடுமுன்னே செத்தான் என்றும் நினைத்தேன். எது வேண்டும் என்று எந்தச் சாமியிடம் கேட்பது என்று தெரியவில்லை.

இரண்டரைக்கு வந்தார்கள். மக்ரீனா முன்னால், அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால்.

“அம்மா, அவர் அப்பவே போயிட்டாரு” என்றான்.

ஓடையின் அந்தக் கரையில், கோந்த்ராத் திரும்பிய இடத்திலிருந்து இருநூறு அடியில் கிடந்தார். பனி உருகி, காக்கை கூடியிருந்ததை மக்ரீனா பார்த்தாளாம். சோசிமா கையால் தடவி விலா எலும்புக்கு நடுவில் ஓட்டையைக் கண்டுபிடித்தான். மான் துப்பாக்கியின் தோட்டாதான். அக்டோபர் இருபத்தெட்டு அன்றே, ஒரு மணி நேரத்துக்குள் அவர் செத்திருக்கிறார். குளிர்காலம் முழுக்க நாம் கடிதம் எழுதியதெல்லாம் செத்துக் கிடந்த ஒருவருக்காக. நீ தவறாகத் தேர்ந்தெடுத்தது சரியாகத்தான் சுட்டிருக்கிறது. என் மகன் கண் தெரியாமலே சரியாகச் சுட்டிருக்கிறான். அப்படியென்றால் தப்பு யாருடையது என்று யோசித்தேன். இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நீ பெரிய கடைக்காரன், உனக்குப் புரிந்தால் எழுது.

புரியாவிட்டாலும் கணக்கை முடிக்க வேண்டும். எனக்கு வயதாகிறது. கோந்த்ராத்தை மன்னித்துவிட்டேன், ரம்பத்தை அவனே வைத்துக்கொள்ளட்டும். மக்ரீனாவை மன்னித்துவிட்டேன். அவளிடமே சொன்னேன். “எதுக்கு அத்தை?” என்றாள். என் நல்ல சால்வையைக் கொடுத்தேன். உன்னை மன்னித்துவிட்டேன். மான் துப்பாக்கிக்கும், சொல்லாமல் இருந்த இரண்டு வருடத்துக்கும், அம்மாவின் நாற்பதாம் நாளுக்கும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே தடவை. அவரையும், அவர் தின்ற மீனையும் மன்னித்துவிட்டேன். பசி அது.

மிச்சத்தை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, சத்தமாகப் படித்துக் காட்டு. கண் தெரியவில்லை என்று என்னிடம் சொல்லாததை விட்டுவிட்டேன். அதற்கு என் வாய் காரணம். ஆனால் மூன்று பிள்ளைக்குத் தாயானவளை முன்னால் நடக்கவிட்டு, காயம்பட்டவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பிக்கொண்டே புதருக்குள் போய், என்னிடம் ‘விறகுக்கு’ என்று சிரித்துவிட்டுப் போனானே, அந்த ஆறு மணி நேரத்தை நான் விடப்போவதில்லை. வீட்டுக்கு வரட்டும், கையைப் பிடித்து ஓடைக்குக் கூட்டிப்போவேன், முள் எடுத்து மீன் ஊட்டுவேன், சாகிற வரைக்கும் அவன் கண்ணாக இருப்பேன். ஆனால் மன்னிக்க மாட்டேன். இந்த உலகத்தில் ஒருவனை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

என் மகன் சோசிமாவை.